பரங்கிமலைக் கல்லின் பூர்வீகம்

கல்கத்தாவின் புனித யோவான் தேவாலய வளாகத்தில் எண்கோண வடிவமான கல்லறை மண்டபம் ஒன்று உண்டு. முகலாயர் காலத்து மக்பராக்களை நினைவூட்டும் அமைப்பு அது. கிழக்கிந்தியக் கம்பெனியின் ஊழியராயிருந்த ஜாப் சார்னாக் அங்கே அடக்கம் செய்யப்பட்டுள்ளார். மண்டபத்தை எழுப்பியவர் அவருடைய மருமகன் சார்லஸ் அயர். சார்னாக் இறந்தது 1693 ஜனவரியில். ஆனால் கல்லில் 1692 என்றே பொறிக்கப்பட்டிருக்கிறது. ஆண்டுப் பிறப்பை மார்ச் மாதத்தில் கொண்டிருந்த அன்றைய ஆங்கிலேய வழக்கை அறியாதவர்கள் இதைப் பிழை என்பார்கள். ஹிஜ்ரி ஆண்டையும் கிறிஸ்தவ ஆண்டையும் இணைத்துப் பார்த்துப் பழகிய நம் வாசகர்களுக்கு இத்தகைய சிக்கல் புதிதன்று.

கல்வெட்டின் இலத்தீன் வாசகத்தை வரலாற்றாசிரியர்கள் பலர் ஆராய்ந்துள்ளனர். இந்தியப் புவியியல் ஆய்வுத்துறையில் பணியாற்றிய தாமஸ் ஹென்றி ஹாலந்து என்ற இளைஞர், 1893-ஆம் ஆண்டில், வாசகத்தை விட்டுவிட்டு அது பொறிக்கப்பட்டிருந்த கல்லையே ஆராய்ச்சிக்கு எடுத்துக்கொண்டார். வங்கத்தின் அப்பகுதி முழுவதும் ஆற்று வண்டல். தோண்டினாலும் பாறை அகப்படாது. அப்படியாயின் இக்கல் எங்கிருந்து வந்தது? ஹாலந்து கண்ட விடை: சென்னைக்குத் தெற்கே, பரங்கிமலை, பல்லாவரம் குன்றுகளிலிருந்து. வங்காள ஆசியக் கழகத்தின் இதழில் அவ்வாண்டு அவர் வெளியிட்ட கட்டுரையில், சார்னாக்கின் பெயரால் இக்கல்லுக்கு 'சார்னோகைட்' என்று பெயர் சூட்டினார். இன்று அன்டார்க்டிகா முதல் நார்வே வரை எந்நாட்டில் இவ்வகைப் பாறை அகப்பட்டாலும் அறிஞர்கள் வழங்கும் பெயர் இதுவே. அவ்வளவுக்கும் மூல இடம் நம்முடைய பரங்கிமலை.

பெயர் சூட்டலில் நமக்குச் சிறிது மனக்குறை உண்டு என்பதை மறைக்க வேண்டியதில்லை. முகலாயரோடு கம்பெனி மூட்டிய போரில் இடம் பெயர்ந்து, 1689-இல் சென்னைக்கு வந்து தங்கி, 1690 ஆகஸ்டில் மீண்டும் வங்கம் சென்று இறங்கிய வணிகர் சார்னாக். கல்லை அவர் வெட்டவுமில்லை, அனுப்பவுமில்லை. இறந்தபின் அது அவர்மீது வைக்கப்பட்டது, அவ்வளவே. கல்கத்தாவின் ஸ்தாபகர் என்று அவரைச் சொல்லும் வழக்கையும் 2003-இல் கல்கத்தா உயர்நீதிமன்றம் ஏற்க மறுத்துவிட்டது. பல்லாவரத்தின் பெயர் பாறைக்கு வாய்த்திருந்தால் பொருத்தமாக இருந்திருக்கும். ஏனெனில் இக்கல்லின்மீது உளி வைத்த வரலாறு அவ்வூரில் மிகப் பழையது. ஏழாம் நூற்றாண்டின் முற்பகுதியில் முதலாம் மகேந்திரவர்மப் பல்லவன் அங்குள்ள குன்றொன்றில் குடைவரை அமைத்துத் தன் விருதுப் பெயர்களைப் பொறித்து வைத்தான். அக்குடைவரை பிற்காலத்தில் முஸ்லிம்களின் தர்காவாயிற்று. தக்காணத்தில் குடைவரைக்கு இசைவான பாறைகளை நாடினார்கள். தொண்டை மண்டலத்துத் தச்சர்களோ இரும்பைத் தேய்க்கும் இந்தக் கடுங்கல்லையே நேரே எதிர்கொண்டார்கள். இக்கல்லின் தன்மையை அவர்கள் கையறிந்திருந்தார்கள். அதற்கு அவர்கள் வைத்த பெயர் 'கருங்கல்' என்ற பொதுப்பெயரே.

கருங்கல் என்னும் ஒரே சொல்லில் எத்தனையோ வகைகளை அடக்கிவிடுகிறோம். மயிலாப்பூர்த் தெருக்களில் முன்பெல்லாம் அம்மி கொத்துவதற்கு வருவோர் இருந்தார்கள். உளியை இரண்டு தட்டுத் தட்டியதும் கல் மணியடிக்கிறதா, மங்குகிறதா என்று கேட்டுத் தரம் சொல்லிவிடுவார்கள். அது அனுபவ அறிவு. அதனைக் குறைத்து மதிப்பிட நாம் விரும்பவில்லை. ஆனால் 'இக்கல் எப்படிப் பிறந்தது' என்ற கேள்விக்கு அந்த அறிவு விடை தராது. அக்கேள்விக்கு விடை கல்லுக்குள் இருக்கும் கனிமங்களிடம் இருக்கிறது.

பாறை என்பது ஒரே பொருளன்று. பல கனிமங்கள் சேர்ந்த ஜமாஅத். சாதாரணக் கிரானைட்டை எடுத்துக்கொண்டால் அதில் பளிங்கு எனப்படும் குவார்ட்ஸ், ஃபெல்ஸ்பார், இவற்றோடு காக்காய்ப்பொன் எனப்படும் மைக்கா அல்லது ஹார்ன்பிளெண்ட் இருக்கும். பரங்கிமலைக் கல்லில் குவார்ட்ஸ் உண்டு, நீலம் பாய்ந்தது. ஃபெல்ஸ்பார் உண்டு, எண்ணெய் தடவினாற்போன்ற பசுமை மினுக்கம் உடையது. ஆனால் மைக்காவும் ஹார்ன்பிளெண்டும் இருக்க வேண்டிய இடத்தில் ஹைப்பர்ஸ்தீன் என்ற வேறொரு கனிமம் அமர்ந்திருக்கிறது. கிரானைட்டைப் போன்ற ஒரு பாறையில் அதனைக் காண்பது அரிது. ஹாலந்தின் கவனத்தை ஈர்த்தது இதுவே.

அதனை அவர் எவ்வாறு கண்டார் என்பதையும் சொல்ல வேண்டும். இங்கிலாந்தின் ஷெஃபீல்டைச் சேர்ந்த ஹென்றி கிளிஃப்டன் சோர்பி, பாறைச் சில்லைத் தேய்த்துத் தேய்த்து ஒளி ஊடுருவும் அளவுக்கு மெல்லியதாக்கி நுண்ணோக்கியில் வைத்துப் பார்க்கும் முறையை 1850-களில் நிலைநாட்டினார். இன்று வழக்கிலுள்ள அளவு ஒரு மில்லிமீட்டரில் நூற்றில் மூன்று பங்கு. அந்தக் கனத்தில் கருங்கல்லும் கண்ணாடியாகிவிடும். அதனூடே ஒரே தளத்தில் அதிரும் ஒளியைச் செலுத்தி, மேடையைச் சுழற்றினால் ஒவ்வொரு கனிமமும் தன் அடையாளத்தைக் காட்டும். ஹைப்பர்ஸ்தீன் ஒரு நிலையில் இளஞ்சிவப்பாகவும், சுழற்றியபின் வெளிர்பச்சையாகவும் தோன்றும். நம்முடைய மாணவர்கள் சிலரை அழைத்துக்கொண்டு ஒரு கல்லூரியின் புவியியல் ஆய்வுக்கூடத்துக்கு ஒருமுறை சென்றிருந்தோம். பல்லாவரத்துச் சில்லு ஒன்று நுண்ணோக்கியில் வைக்கப்பட்டிருந்தது. ஒருவர் பின் ஒருவராகக் கண்ணை வைத்துப் பார்த்தார்கள். முதல் மாணவர் "சிவப்பு" என்றார். அடுத்தவர் பார்ப்பதற்குள் மேடை திரும்பிவிட்டதால் "இல்லை, பச்சை" என்றார். இருவரும் உண்மையே சொன்னார்கள் என்று ஆய்வுக்கூட ஆசிரியர் சிரித்துக்கொண்டே விளக்கினார்.

இங்கே ஹதீஸ் கலை பயின்றவர்களுக்கு எளிதில் விளங்கும் ஒரு நுட்பம் இருக்கிறது. ஒரு செய்தியின் மத்ன், அதாவது வாசகம், சரியாக இருப்பதனால் மட்டும் முஹத்திஸ்கள் அதனை ஏற்றுக்கொள்வதில்லை. அது எந்த அறிவிப்பாளர்கள் வழியாக வந்தது என்ற சனதையும் பார்க்கிறார்கள். பரங்கிமலைக் கல்லை அரைத்து அதன் மொத்த இரசாயனக் கூட்டைக் கணக்கிட்டால், ஏறக்குறைய சாதாரணக் கிரானைட்டின் கூட்டே வரும். சிலிக்கா, அலுமினா, சோடா, பொட்டாஷ் என்ற வரிசையில் பெரிய வேறுபாடு தோன்றாது. வாசகம் ஒன்று, வழி வேறு. அந்த வழியைச் சொல்பவை கனிமங்கள். மைக்காவும் ஹார்ன்பிளெண்டும் தம் அமைப்புக்குள் நீரை அடக்கியிருப்பவை. ஹைப்பர்ஸ்தீனில் நீர் இல்லை. ஆகவே இப்பாறை உருவான இடத்தில் நீரின் வலிமை குன்றியிருந்தது, வெப்பமோ மிகுந்திருந்தது என்று அக்கனிமத்தின் இருப்பே சாட்சி கூறுகிறது.

ஹாலந்து இத்துடன் நிற்கவில்லை. தென்னிந்தியாவின் பல மலைகளில் இவ்வகைப் பாறைகளைக் கண்டு, 1900-இல் வெளியான தம் விரிவான நூலில் அவற்றையெல்லாம் ஒரே தொடராக வகுத்தார். சிலிக்கா மிகுந்தவை முதல் இரும்பும் மக்னீசியமும் மிகுந்து கறுத்தவை வரை, எல்லாம் ஒரே உருகிய குழம்பிலிருந்து பிரிந்து இறுகியவை என்பது அவருடைய முடிவு. அதாவது சார்னோகைட் ஒரு தீப்பாறை. அரை நூற்றாண்டுக்கும் மேலாக இம்முடிவைச் சுற்றி நடந்த வாதப் பிரதிவாதங்கள் நம்முடைய இல்முல் கலாம் நூல்களை நினைவூட்டுபவை. 1955-இல் ஆர். ஏ. ஹௌயி சென்னைக் கற்களின் இரசாயனத்தை நுணுகி ஆராய்ந்து, இவை முதலில் உருகிய நிலையிலிருந்து வந்தவையாயினும், பின்னர் ஆழத்தில் திட நிலையிலேயே மறுபடிகமானவை என்று நடுவழி ஒன்றைக் கூறினார். 1959-இல் புவியியல் ஆய்வுத்துறையின் ஏ. பி. சுப்பிரமணியம் பல்லாவரத்து மூல இடத்தையே மீண்டும் அளந்து பார்த்து, ஹாலந்தின் ஒரே தொடர் என்ற கட்டுமானத்தைக் கலைத்தார். சிலிக்கா மிகுந்தவை ஒரு குடும்பம், கறுத்தவை வேறொரு குடும்பம். இடையிலுள்ளவற்றைக் கொண்டு இரண்டையும் ஒரு தாய் மக்களாக்க முடியாது என்பது அவர் வாதம்.

அடுத்த ஆண்டு, 1960-இல், மைசூர் நாட்டின் சி. எஸ். பிச்சமுத்து வெளியிட்ட சிறு கட்டுரை விவாதத்தின் போக்கையே மாற்றிவிட்டது. கர்நாடகத்தின் கப்பால்துர்கா என்ற ஊரின் கல்குவாரியில், சாம்பல்நிற நைஸ் பாறைக்கு நடுவே கரும்பச்சைத் திட்டுகள் இருப்பதை அவர் கண்டார். நைஸின் வரிகள் திட்டின் விளிம்புவரை தெளிவாக ஓடிவந்து, உள்ளே சென்றதும் மங்கி மறைந்தன. திட்டுகளில் ஹைப்பர்ஸ்தீன் இருந்தது. அப்படியானால் குழம்பு எதுவும் புதிதாக வந்து இறுகவில்லை. இருந்த பாறையே இருந்த இடத்தில் சார்னோகைட்டாக மாறிக்கொண்டிருந்தபோது அந்த மாற்றம் பாதியில் நின்றுபோயிருக்கிறது. அவர் கட்டுரைக்கு இட்ட தலைப்பும் 'உருவாகும் நிலையில் சார்னோகைட்' என்ற பொருளுடையதே. கேரளத்தின் பொன்முடியிலும் இதே காட்சி உண்டு.

மாற்றியது எது? மைக்காவிலிருந்து நீரை விரட்டியது எது? 1979-இல் மைசூரின் ஜனார்த்தனனும் அமெரிக்காவின் நியூட்டனும் மற்றொருவரும் சேர்ந்து, ஆழத்திலிருந்து கரியமிலவாயு மேலேறி நீரின் வலிமையைத் தணித்தது என்ற விளக்கத்தை முன்வைத்தார்கள். இதற்கு ஆதாரம் தேடியவர்கள் சென்ற இடம் வியப்புக்குரியது. படிகம் வளரும்போது தன்னைச் சூழ்ந்திருக்கும் திரவத்தில் ஒரு துளியைச் சில சமயம் உள்ளே அடைத்துக்கொள்ளும். மில்லிமீட்டரில் நூற்றில் ஒரு பங்குகூட இராத அத்துளியைக் குளிரூட்டும் மேடையில் வைத்து உறையச் செய்து, எந்த வெப்பநிலையில் உருகுகிறது என்று பார்ப்பார்கள். பூச்சியத்துக்குக் கீழே 56.6 பாகையில் உருகினால் அது தூய கரியமிலவாயு. தென்னிந்தியச் சார்னோகைட்டுகளின் படிகங்களில் அத்தகைய துளிகள் உண்மையாகவே கிடைத்தன. ஆயினும் வழக்கு இத்துடன் முடிந்துவிடவில்லை. அந்தத் துளிகள் பாறை மாறிய காலத்தில் அடைபட்டவையா, பின்னர் வெடிப்பு வழியே புகுந்தவையா என்று கேட்போர் உண்டு. பாறையின் ஒரு பகுதி உருகும்போது அவ்வுருகலே நீரை உறிஞ்சிக்கொண்டு போயிருக்கலாம் என்போரும் உண்டு. சார்னோகைட் என்ற ஒரே பெயரின்கீழ் இருவேறு பிறப்புடைய பாறைகள் இருக்கின்றன, சில குழம்பிலிருந்தே நேரே வந்தவை, சில உருமாறியவை என்ற கருத்தே நமக்குச் சரியாகப் படுகிறது. சென்னைக் கல்லைப் பொறுத்தவரை ஹௌயியின் நடுவழி இன்றும் வலுவுடன் நிற்கிறது.

வெப்பத்தையும் ஆழத்தையும் கணக்கிடும் முறையில்தான் நாம் முன்பு சொன்ன ரிஜால் கலையின் சாயலை இன்னும் தெளிவாகக் காண்கிறோம். பல்லாவரம் பகுதியில் சார்னோகைட்டோடு கார்னெட் கலந்த பாறைகளும் உள்ளன. கார்னெட்டும் ஹைப்பர்ஸ்தீனும் அடுத்தடுத்து வளர்ந்தால், இரண்டும் இரும்பையும் மக்னீசியத்தையும் தமக்குள் பங்கிட்டுக்கொள்ளும். அந்தப் பங்கீட்டின் விகிதம் வெப்பத்துக்கேற்ப மாறும் என்பதால், விகிதத்தை அளந்தால் வெப்பம் தெரிந்துவிடும். ஆனால் இரண்டும் ஒரே பாறையில் இருப்பது போதுமா, அல்லது ஒன்றையொன்று தொட்டுக் கொடுக்கல் வாங்கல் செய்தது நிரூபிக்கப்பட வேண்டுமா? இமாம் முஸ்லிம் அவர்கள் இரு அறிவிப்பாளர்கள் சமகாலத்தவராயிருந்து சந்திக்கும் வாய்ப்பும் இருந்தால் போதும் என்றார்கள். இமாம் புகாரி அவர்கள் சந்திப்பு நிகழ்ந்தது உறுதிப்பட வேண்டும் என்றார்கள். கனிமவியலார் இவ்விடத்தில் இமாம் புகாரியின் வழியையே பின்பற்றுகிறார்கள் என்று நாம் வேடிக்கையாகச் சொல்வதுண்டு. இன்னொரு எச்சரிக்கையும் இருக்கிறது. பாறை மெல்ல மெல்லக் குளிரும்போது படிகத்தின் விளிம்பில் பழைய விகிதம் குலைந்து புதிய விகிதம் பதியும். நடுப்பகுதி பழையதை வைத்திருக்கும். முதுமையில் நினைவு குழம்பிய அறிவிப்பாளரின் நிலையை நம் கலையில் இஃக்திலாத் என்கிறோம். குழப்பத்துக்கு முன் அவரிடம் கேட்கப்பட்டவை ஏற்கப்படும். பின் கேட்கப்பட்டவை ஏற்கப்படா. படிகத்தின் நடுவை ஏற்று விளிம்பைத் தள்ளுவதும் அதே நெறிதான். இவ்வாறு சலித்தெடுத்த சாட்சியங்களின்படி, பரங்கிமலைக் கல் 700 பாகைக்கும் மேற்பட்ட வெப்பத்தில், இருபது கிலோமீட்டருக்கும் அதிகமான ஆழத்தில் தன் இன்றைய உருவை அடைந்தது. விமான நிலையத்தின் எதிரே வெயில் காய்ந்துகொண்டிருக்கும் அந்தக் குன்றுகளின்மேல் ஒருகாலத்தில் அத்தனை கிலோமீட்டர் கனமுள்ள பாறை இருந்து, கரைந்து போயிருக்கிறது என்பது இதன் பொருள்.

முன்னோர் இதையெல்லாம் அறிந்திருந்தார்களா என்ற கேள்வி நம்முடைய மேடைகளில் உடனே எழும். ஃபாத்திர் அத்தியாயத்தில் மலைகளிலுள்ள வெண்மை, செம்மை, கடுங்கருமை வரிகள் சிந்தனைக்குரிய அத்தாட்சிகளாகக் குறிப்பிடப்படுவதும், அதனை அடுத்தே அறிஞர்களைப் பற்றிய வசனம் வருவதும் யாவரும் அறிந்ததே. அதிலிருந்து பாறையியல் பாடநூலை வருவிக்க முயலும் எழுத்துகளோடு நமக்கு உடன்பாடில்லை. மலையைப் பார் என்பது கட்டளை. பார்க்கும் உழைப்பு நம்முடையது. அந்த உழைப்பைச் செய்தவர்கள் நம் மரபில் இருந்தார்கள் என்பதே சொல்லத்தக்கது.

இப்னு சீனா (980–1037) தம் 'கிதாபுஷ் ஷிஃபா'வின் இயற்கைப் பகுதியில் கற்கள் உண்டாகும் வழிகளை இரண்டாக வகுத்தார்: களிமண் காய்ந்து இறுகுவது ஒன்று, நீரிலிருந்து உறைவது மற்றொன்று. இளமையில் ஜைஹூன் ஆற்றங்கரையில் தலை கழுவப் பயன்படும் களிமண்ணைக் கண்டதாகவும், ஏறத்தாழ 23 ஆண்டுகளுக்குப் பின் அது மென்கல்லாயிருந்ததைப் பார்த்ததாகவும் எழுதியுள்ளார். நேரில் கண்டதை ஆண்டுக் கணக்குடன் பதிவு செய்த இக்குறிப்பை, மற்ற ஊகங்கள் பலவற்றைவிட நாம் உயர்வாகக் கருதுகிறோம். இப்பகுதி 1200-ஆம் ஆண்டை ஒட்டி இலத்தீனில் பெயர்க்கப்பட்டு, அரிஸ்டாட்டிலின் நூலொன்றின் இறுதியில் ஒட்டப்பட்டுவிட்டது. ஐரோப்பியர் பலர் நீண்ட காலம் அதனை அரிஸ்டாட்டிலின் சொல் என்றே ஓதிவந்தார்கள். சனது இல்லாத இடத்தில் பெயர் மாறிப்போவதற்கு இது நல்ல உதாரணம்.

அல்பீரூனி (பிறப்பு 973) இத்துறையில் இன்னும் நெருங்கி வருகிறார். ஏறத்தாழ 1030-இல் முடித்த இந்தியா பற்றிய நூலில், மலையருகே ஆற்றுக் கற்கள் பெரியவையாகவும், தூரம் செல்லச் செல்லச் சிறுத்து, முகத்துவாரத்தில் மணலாகவும் இருப்பதைக் கவனித்து, இந்தியச் சமவெளி ஒருகாலத்தில் கடலாயிருந்து ஆறுகள் கொணர்ந்த வண்டலால் தூர்ந்தது என்று முடிவு செய்தார். பின்னர் கஸ்னியில் சுல்தான் மவ்தூதின் காலத்தில் எழுதிய 'கிதாபுல் ஜமாஹிர்' முழுக்க முழுக்கக் கனிமங்களைப் பற்றியது. பக்கவாட்டில் குழாய் வைத்த பாத்திரத்தில் நீரை நிரப்பி, கல்லை இட்டு, வழியும் நீரை நிறுத்துக் கல்லின் ஒப்படர்த்தியைக் கண்டறிந்தார். பதக்ஷானின் லஅல் என்ற செம்மணி யாகூத்தைப் போன்றே சிவந்திருந்தாலும் எடையிலும் கடினத்திலும் குறைந்தது, ஆகவே வேறினம் என்று பிரித்தார். இன்றைய கணக்கில் யாகூத்தின் ஒப்படர்த்தி 4.0, லஅலின் ஒப்படர்த்தி 3.6. ஐரோப்பாவில் இவ்விரண்டும் தெளிவாகப் பிரிக்கப்பட்டது 1783-இல்தான். இங்கிலாந்து மன்னரின் கிரீடத்தில் பதிக்கப்பட்டு 'ரூபி' என்று பெயர்பெற்ற கல் உண்மையில் லஅலே. தியாகராய நகர் நகைக்கடைகளில் இரத்தினம் சோதிப்போர் இன்று ஒளிவிலகல்மானியை வைத்திருக்கிறார்கள். ஆயினும் நீரில் நிறுக்கும் முறையும் அவர்களுக்குத் தெரிந்ததே. பளிங்குக்குள் அந்நியப் பொருள்கள் அடைபட்டிருப்பதைக் கொண்டு, பளிங்கு முன்பு நீர்மமாக இருந்திருக்க வேண்டும் என்று அல்பீரூனி வாதிட்டதையும் இங்கே குறிப்பிட வேண்டும். அவருடைய முடிவில் திருத்தம் தேவைப்படலாம். அடைபட்டது அடைத்ததன் பிறப்பைச் சொல்லும் என்ற நியாயமோ, சோர்பியும் கரியமிலவாயுத் துளிகளைத் தேடியவர்களும் கைக்கொண்ட அதே நியாயம்தான். இவர்கள் அவரைப் படித்துக் கற்றார்கள் என்று நாம் சொல்லவில்லை, அதற்குச் சான்றில்லை.

'கிதாபுல் ஜமாஹிர்' 1936-இல் கிரெங்கோ என்ற அறிஞரின் பதிப்பாக வெளிவந்தது, ஹைதராபாத்தின் தாயிரத்துல் மஆரிஃப் அச்சகத்திலிருந்து. கெய்ரோவிலோ லண்டனிலோ அன்று, நம்முடைய தக்காணத்தில். அப்படியிருந்தும் அறபுக் கல்லூரிகளில் அதனைத் திறந்து பார்ப்போர் அரிதாகிவிட்டனர். தர்ஸே நிஜாமியின் பழைய பாடத்திட்டத்தில் 'ஹிதாயதுல் ஹிக்மா'வின் விளக்கவுரையான மைபுதி இடம்பெற்றிருந்தது. அதன் இயற்கைப் பகுதியில் மழை, நிலநடுக்கம், கனிமங்கள் பற்றிய விவாதங்கள் உண்டு. பழைய யவனத் தத்துவம் காலாவதியாகிவிட்டது என்று கூறி அதனை நீக்கினார்கள். நீக்கியதில் தவறில்லை. அந்த இடத்தில் வேறு எதனையும் வைக்காமல் வெறுமையாக விட்டதுதான் நம் குறை. ஜவ்ஹர், மஅதின், யாகூத், பில்லவ்ர் என்ற சொற்களை அகராதியில் தேடிப் பொருள் எழுதிக்கொள்ளும் மாணவர், அவற்றில் ஒன்றையும் கையில் எடுத்துப் பார்த்திருப்பதில்லை. நுண்ணோக்கியில் கண் வைத்த அந்த மாணவர்கள் திரும்பி வந்ததும் கேட்ட முதல் கேள்வி, கார்னெட்டுக்கு அறபியில் என்ன பெயர் என்பது. பஜாதி என்ற சொல்லை அல்பீரூனியிடமிருந்தே எடுத்துக் கொடுத்தோம்.

இனி, கல்லின் இன்றைய நிலை. மயிலாப்பூரிலோ மந்தைவெளியிலோ நிற்பவருக்குக் காலடியில் மணலும் வண்டலும்தான் தெரியும். கிண்டி, அடையாறு, வேளச்சேரிப் பக்கம் ஆழ்குழாய் இறக்குவோர் விரைவிலேயே கடும்பாறையைத் தொட்டுவிடுகிறார்கள். அது பரங்கிமலைக் கல்லின் தொடர்ச்சி. வெளியே தெரியும் குன்றுகளையோ நகரம் தன் தேவைக்குத் தின்றுகொண்டு வந்திருக்கிறது. பல்லாவரம், திரிசூலம் குவாரிகளில் உடைத்த ஜல்லிதான் சென்னையின் சாலைகளுக்கும் தூண்களுக்கும் சென்றது. குன்றுகளின் இடத்தில் ஆழ்ந்த பள்ளங்கள் தோன்றின. மாங்காட்டை அடுத்த சிக்கராயபுரம் குவாரிப் பள்ளங்களில் தேங்கிய நீர் 2017-ஆம் ஆண்டு வறட்சியில் நகருக்குக் குடிநீரானது என்பதையும் நினைவில் கொள்ளத்தான் வேண்டும். வீடு கட்டவும் நீர் குடிக்கவும் வேண்டிய மக்களைக் குறைகூறி எழுதுவது எளிது. ஆனால் கப்பால்துர்காவில் பிச்சமுத்து கண்ட திட்டுகள் ஒரு குவாரிச் சுவரிலேதான் இருந்தன. உடைப்பதனால் வெளிப்படும் சாட்சி, தொடர்ந்து உடைப்பதனால் அழிந்தும் போகும். ஹாலந்தும் சுப்பிரமணியமும் கண்டவற்றை மீண்டும் சரிபார்க்க வருபவருக்கு அதே பாறை அதே இடத்தில் இருக்க வேண்டும். பரங்கிமலையின் சார்னோகைட்டைத் தேசியப் புவியியல் நினைவுச் சின்னமாகப் புவியியல் ஆய்வுத்துறை அறிவித்திருப்பது அதற்காகவே. மலையுச்சியில் 1523-ஆம் ஆண்டைச் சேர்ந்த தேவாலயத்தைக் காண வருவோர் அநேகர். படியேறும் வழியில் பாறையைக் கவனிப்போர் மிகச் சிலர்.

ஹைப்பர்ஸ்தீன் என்ற பெயரும் இப்பொழுது ஏட்டளவில் இல்லை. 1988-இல் பன்னாட்டுக் கனிமவியல் சங்கம் பெயர்களைச் சீர்செய்தபோது அதனை நீக்கி, என்ஸ்டடைட் என்ற இனத்தில் பெரும்பகுதியைச் சேர்த்துவிட்டது. பழகிய நாக்குகள் இன்னும் பழைய பெயரையே சொல்கின்றன.

கல்லின் வயதைச் சொன்ன கனிமம் வேறு. ஸிர்கான் என்ற அதன் பெயர் பாரசீகத்தின் 'ஸர்கூன்', பொன்னிறமானது, என்ற சொல்லிலிருந்து வந்தது என்பர். 1789-இல் ஜெர்மானிய அறிஞர் கிளாப்ரோத், அறபு வணிகர்கள் ஸரந்தீப் என்றழைத்த இலங்கையிலிருந்து வந்த ஸிர்கானில்தான் ஸிர்கோனியம் என்ற தனிமத்தை இனங்கண்டார். இக்கனிமம் உருவாகும்போது சிறிது யுரேனியத்தை ஏற்கும், ஈயத்தை ஏறக்குறைய ஏற்காது. யுரேனியம் 238-இல் பாதி ஈயமாக மாறுவதற்கு ஏறத்தாழ 447 கோடி ஆண்டுகள் ஆகும் என்பதால், இரண்டின் விகிதமும் கடிகாரமாகிறது. அக்கடிகாரத்தின்படி சென்னைச் சார்னோகைட்டுக்கு வயது சுமார் 250 கோடி ஆண்டுகள். பாறை கரைந்தாலும் ஸிர்கான் எளிதில் கரைவதில்லை. ஆறுகள் அதனைக் கடலுக்குக் கொண்டுபோக, அலைகள் இலேசான மணலை இழுத்துக்கொண்டு கனமானவற்றைக் கரையில் விட்டுச் செல்கின்றன. அல்பீரூனியின் பாத்திரம் செய்த வேலையைக் கடல் செய்கிறது. பெசன்ட் நகர்க் கடற்கரையில் அலை வடிந்தபின் மணலில் கறுப்பும் இளஞ்சிவப்புமாக மெல்லிய வரிகள் படிந்திருப்பதைக் காணலாம். கறுப்பு பெரும்பாலும் இல்மனைட்டும் மாக்னடைட்டும், சிவப்பு கார்னெட், அவற்றினிடையே கண்ணுக்குத் தனித்துத் தெரியாத ஸிர்கான் மணிகளும் உண்டு.